முகம் காட்டாத பகைவன்

கதை கேட்போருக்கும் கூத்துப் பார்ப்போருக்கும் நேரும் ஏமாற்றங்கள் பலவகைப்படும். தலைவன் மடிந்துவிட்டானே என்று வருந்துவது ஒன்று. தலைவியின் துயர் தீராமலே கதை முடிந்துவிட்டதே என்று மனம் கசிவது மற்றொன்று. இவ்விரண்டும் இலக்கிய இன்பத்தின் பகுதிகளாகவே கொள்ளப்படுவன. மூன்றாவதாக வேறொரு வகையான ஏமாற்றமும் உண்டு. பெரும் பகைவன் ஒருவன் வரப்போகிறான் என்று கதை நெடுகிலும் முரசறைந்துவிட்டு, அவன் வந்ததும் நான்கு சொற்கள் பேசவைத்து, ஒரே வீச்சில் வீழ்த்திவிடும்போது கேட்போர் மனத்தில் எழும் சலிப்பே அது. பகைவனுக்காகப் பரிந்து பேசுவது போலத் தோன்றுவதால் இச்சலிப்பைப் பெரியோர் பொருட்படுத்துவதில்லை. இளைஞரின் முணுமுணுப்பு என்று ஒதுக்கிவிடுகின்றனர். பலாங்கொடை மலைத்தோட்டம் ஒன்றில் ஒரு பாட்டனுக்கும் பேரனுக்கும் இடையே நடந்த நீண்ட வழக்கு, அது அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று என்பதை உணர்த்துகின்றது.

பேரன் சப்ரகமுவப் பல்கலைக்கழக மாணவன். 1995 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகம், கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகக் கிழக்கே மட்டக்களப்பு வரை ஓடும் நெடுஞ்சாலையில், பெலிஹுல்ஓயாவில் அமைந்துள்ளது. விடுமுறை விட்டால் பஸ் ஏறிப் பலாங்கொடைக்கு வந்து, அங்கிருந்து மலைப்பக்கமாக ஏறும் வேறொரு பஸ்ஸைப் பிடித்துத் தோட்டத்துக்குச் சென்றுவிடுவான். பாட்டன் அத்தோட்டத்தில் கவ்வாத்து வெட்டி ஓய்ந்தவர். எண்பதைத் தாண்டியும் நினைவு தளராதவர். இளமையில் காமன் கூத்தில் வீரபத்திரன் வேடம் தரித்து ஆடியவர். அவ்வேடத்தைக் கண்டு பிள்ளைகள் தாய்மாரின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டதை இன்றும் தோட்டத்து மூதாட்டியர் சொல்லிச் சிரிப்பதுண்டு.

மாசி மாதத்து விடுமுறை ஒன்றில் பேரன் வாடிய முகத்துடன் காம்பிராவின் திண்ணையில் அமர்ந்திருந்தான். காரணம் கேட்டபோது, தான் பல நாள் இரவுறக்கம் துறந்து விளையாடி முடித்த கணினி விளையாட்டு ஒன்று தன்னை ஏமாற்றிவிட்டதாகச் சொன்னான். நண்பன் ஒருவனின் கருவியில் அவன் ஆடிய அவ்விளையாட்டு, ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 1986 ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வரும் ‘செல்டா’ தொடரைச் சேர்ந்தது. 2006 இல் வெளியான ‘ட்வைலைட் பிரின்சஸ்’ என்பது அதன் பெயர். இத்தகைய விளையாட்டைப் பொழுதுபோக்குப் பொம்மை என்று எண்ணுதல் தவறு. அது நெடுங்கதை. ஆடுபவனே அதன் தலைவனாகி, காடும் மலையும் கோட்டையும் கடந்து, பல பத்து மணிநேரம் உழைத்தால்தான் கதையின் முடிவைக் காணமுடியும்.

அக்கதையில் ஸான்ட் என்றொரு பகைவன் வருகின்றான். அந்தி உலகின் அரியணையைக் கவர்ந்துகொண்டவன். முகத்தை முழுவதும் மூடிய கவசத்துடன், மெல்லிய குரலில், அசையாது நின்று பேசுபவன். அவன் படையுடன் அரண்மனைக்குள் நுழையும்போது, தன் குடிகளின் உயிரைக் காக்கும்பொருட்டு இளவரசி தன் கை வாளைக் கீழே போட்டுவிடுகின்றாள். அவ்வொரு காட்சியே அவனுடைய கொடுமைக்குச் சான்றாகிவிடுகின்றது. ஆயினும் கதை பாதிக்கு மேல் சென்றதும், அவனுடைய வலிமை அவனுடையதன்று, கேனன்டோர்ஃப் என்ற பழைய பகைவன் கொடுத்த இரவல் என்பது வெளிப்படுகின்றது. இந்தக் கேனன்டோர்ஃப், அத்தொடரின் பல பாகங்களில் முன்னரே வந்து வந்து தோற்றவன். இறுதிப் போரில் ஸான்ட் கவசம் களைந்து, பிடிவாதக் குழந்தை போல அலறிக் கை கால்களை உதறிக்கொண்டு மோதி மடிகின்றான். உலகெங்கும் அவ்விளையாட்டின் நேயர் பலர் இன்றும் மனம் ஆறாத இடம் இது. பேரனும் ஆறவில்லை.

“இவ்வளவு பெரிய ஆளா காட்டிட்டு, கடைசியில ஒரு கோமாளியாக்கிட்டாங்க தாத்தா. நான் யாரோட சண்டை போட வந்தேனோ அவன் அங்க இல்லவே இல்ல” என்றான்.

பாட்டன் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “நம்ம காமன் கூத்துல சூரன் எங்க தம்பி வந்தான்? அவனாலதான் எல்லாமே நடந்துச்சு. அவனுக்கு ஒரு வேசங்கூட இல்லையே. நீ சின்னப்பிள்ளையில இருந்து பாக்குற, ஒரு நாளாவது கேட்டியா?” என்றார்.

வழக்குத் தொடங்கிய இடம் இதுதான்.

காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் மலையகத் தமிழரின் பெருங்கூத்துகள். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கால்நடையாக வந்த மக்கள், கையில் கொணர்ந்த பொருள் சிறிது. நெஞ்சில் கொணர்ந்த கதைகள் பல. அவற்றுள் காமன் கூத்து மாசி மாதத்து வளர்பிறையில் தொடங்குவது. காமன் பொட்டலில் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து இரவு தோறும் தப்பு முழங்கும். தப்பின் தோலைத் தீயில் காய்ச்சிச் சுதி ஏற்றுவார்கள். ரதியும் மன்மதனும் வேடம் புனைந்து ஆடுவார்கள். ரதியாக ஆடுபவனும் ஆண்மகனே. இந்திரனின் ஓலை தாங்கிய தூதன், வீரபத்திரன், எமன் என வேடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். போகாதே என்று ரதி தடுத்தும் கேளாமல் மன்மதன் சென்று சிவனுடைய தவத்தின்மீது மலர்க்கணை தொடுப்பான், நெற்றிக்கண் திறக்கும், காமன் எரிவான். ரதியின் புலம்பலைக் கேட்டுத் தோட்டமே அழும். பின்னர் அவன் உயிர்த்தெழுவதுடன் விழா நிறைவுறும்.

இவ்வளவுக்கும் காரணம் என்ன? சூரபத்மன் என்னும் அசுரன் தேவரைச் சிறையிட்டு வருத்துகின்றான். சிவகுமாரன் ஒருவனால் அன்றி அவனை வெல்ல இயலாது. சிவனோ யோகத்தில் அமர்ந்துவிட்டான். ஆதலால் அந்த யோகத்தைக் கலைக்கக் காமன் அனுப்பப்படுகின்றான். ரதியின் கண்ணீர், காமனின் சாம்பல், இந்திரனின் சூழ்ச்சி ஆகிய அனைத்துக்கும் வேர் சூரபத்மன். ஆனால் பல தோட்டங்களின் ஆட்டத்தில் அவன் பொட்டலில் கால் வைப்பதேயில்லை. விளையாட்டின் ஸான்டாவது வந்து கெட்டான். சூரன் வராமலே போனான்.

நேயர் கதையோடு வழக்காடுதல் கணினி யுகத்தின் கண்டுபிடிப்பன்று என்பதையும் இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். இதே காமன் கதையை வைத்துத் தமிழகத்தில் லாவணிக் கலைஞர்கள் ‘எரிந்த கட்சி’ என்றும் ‘எரியாத கட்சி’ என்றும் இரு பிரிவாகி, காமன் உண்மையில் எரிந்தானா இல்லையா என்று விடிய விடியப் பாட்டால் வாதிட்டனர். கேட்டிருந்த மக்களும் பக்கம் பிரிந்தே கேட்டனர். 1950களில் கல்கி தம் இதழில் தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ முடிவுற்றபோது, கதை நிறைவு பெறவில்லை என்று வாசகர் பலர் குறைபட்டனர். அதற்கு விடையாகக் கல்கி ஒரு முடிவுரையையே எழுத நேர்ந்தது. அமெரிக்கத் திரைப்படத் தொடரான ‘ஸ்டார் வோர்ஸ்’ இல் 1999 ஆம் ஆண்டு டார்த் மோல் என்னும் பகைவன் தோன்றினான். சிவப்பும் கறுப்பும் தீட்டிய முகம், தலையில் கொம்புகள், கையில் இருமுனை வாள். ஆனால் அவனுக்குக் கொடுக்கப்பட்ட பேச்சு மிகச் சில வரிகளே. அப்படத்திலேயே உடல் இரு துண்டாகி வீழ்ந்தான். நேயரின் மனத்திலிருந்து அவன் வீழவில்லை. 2012 இல் அத்தொடரின் சித்திரப் படங்களில் அவன் உயிருடன் திரும்பக் கொணரப்பட்டான். ஆகவே, கதை கூறுவோர் நேயரின் இம்முணுமுணுப்பைச் செவிமடுத்தே வந்துள்ளனர் எனலாம்.

இனி, அந்த முணுமுணுப்பின் உட்பொருளை நோக்குதல் வேண்டும். பகைவன் சிறுத்தால் நேயர் இழப்பது என்ன? சண்டைக் காட்சி ஒன்று குறைந்துவிட்டதே என்பதன்று அவர்களின் குறை. தலைவன் பட்ட துன்பத்துக்குத் தக்க காரணம் இல்லாமல் போய்விடுகின்றதே என்பதுதான். இளவரசி வாளைக் கீழே போட்டது ஒரு கோமாளிக்கு அஞ்சியா? அப்படியானால் அவளுடைய தியாகத்துக்கு மதிப்பென்ன? பேரன் நான் சண்டை போட வந்தவன் அங்கே இல்லை என்று சொன்னதன் கருத்து இதுவே. பகைவனின் உருவம் எந்த அளவுக்குச் சரியாக வரையப்படுகின்றதோ, அந்த அளவுக்கே துன்பத்தின் வரலாறும் சரியாக எழுதப்படுகின்றது.

மலையகக் கூத்துகளுள்ளேயே இதற்கு உதாரணம் உண்டு. அருச்சுனன் தபசில் மூகாசுரன் பன்றி உருக்கொண்டு அருச்சுனனின் தவத்தைக் குலைக்க வருகின்றான். துரியோதனன் ஏவலால் வந்தவன் என்று தமிழ்ப் பாரத மரபு கூறும். வந்த வேகத்திலேயே அம்பு பட்டு வீழ்கின்றான். பன்றியை வீழ்த்தியது யாருடைய அம்பு என்று அருச்சுனனுக்கும் வேடனாக வந்த சிவனுக்கும் எழும் வழக்கே அதன்பின் கதையாகிவிடுகின்றது. மூகாசுரனை ஒருவரும் நினைப்பதில்லை. அவனை நினைக்காமையால் கதைக்கு இழப்பும் இல்லை. ஏனெனில் அருச்சுனனின் துயருக்கு வேர் அவனல்லன். சூதில் நாடிழந்த கதையைப் பார்ப்போர் அறிவர். துரியோதனன் அவையில் இல்லாவிட்டாலும் அவனுடைய நிழல் அங்கே விழுந்து கிடக்கின்றது. ஆகவே பகைவன் மேடையில் எத்தனை நாழிகை நின்றான் என்பது அளவுகோலன்று. அவன் செய்த கொடுமையின் நிழல் கதையின்மீது விழுகின்றதா என்பதே அளவுகோல்.

காமன் கூத்தில் அந்நிழல் விழுகின்றதா? பாட்டனுக்கும் பேரனுக்கும் கருத்து மாறுபட்ட இடம் இது. விழுகின்றது என்பது பாட்டனின் கட்சி. தூதன் ஓலை கொண்டு ஓடி வரும்போதே தேவர்கள் எவ்வளவு அஞ்சிப்போயிருக்கிறார்கள் என்பது தெரிகின்றதே என்றார். மேலும், சூரனுக்கு வேடம் இல்லாமைக்கு அவர் கூறிய காரணம் மிக எளியது. பகலெல்லாம் மலையில் வேலை செய்துவிட்டு இரவில் ஆடுபவர்கள். உள்ள ஆட்களுக்கே வேடம் பங்கிட்டாக வேண்டும். சூரனை ஆடவைத்தால் ஒரு நாள் ஆட்டத்தில் அடங்குவானா? அவனுக்குத் தனி விழாவே உண்டு என்றார்.

அவர் கூறியதில் உண்மையுண்டு. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் சூரபத்மனைப் போல விரிவாகப் பேசப்பட்ட பகைவர் தமிழில் மிகச் சிலரே. அசுர காண்டம், மகேந்திர காண்டம், யுத்த காண்டம் என்று அவனுடைய பிறப்பும் தவமும் நகரும் போரும் காண்டம் காண்டமாக வளர்கின்றன. ஐப்பசி மாதத்துக் கந்தசஷ்டியின் நிறைவில் முருகன் கோயில்களில் நடைபெறும் சூரன் போரில், தலை மாற்றித் தலை மாற்றி வரும் சூரனைப் பின்தொடர்ந்து சிறுவர் கூட்டம் ஓடுவதை இலங்கையில் அறியாதார் இல்லை. இறுதியில் அவன் அழிக்கப்படுவதுமில்லை. மயிலும் சேவலுமாகி முருகனுக்கு ஊர்தியும் கொடியுமாகின்றான். பகைவனை வீணாக்காமல் முழுமையாகப் பயன்படுத்திய கதைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

பகைவனுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற மனக்குறை, தமிழில் படைப்புகளையும் பிறப்பித்திருக்கின்றது. இராவணனுக்கு நீதி வழங்கப்படவில்லை என்று கருதிய புலவர் குழந்தை 1946 இல் ‘இராவண காவியம்’ இயற்றினார். 1948 இல் சென்னை அரசு அந்நூலைத் தடைசெய்தது. 1971 இல்தான் தடை நீங்கியது. திரைப்படங்களில் வில்லனாக நடித்துப் பெயர் பெற்ற ஆர். எஸ். மனோகர், தமது நாடக மேடையில் ‘இலங்கேஸ்வரன்’ ஆகி இராவணனைத் தலைவனாக்கினார். நமது நாட்டிலும், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் ‘கர்ணன் போர்’, 1963 இல் ‘நொண்டி நாடகம்’ என்று கூத்து மரபைப் புதுக்கி மேடையேற்றி வந்த வரிசையில், 1960களின் நடுப்பகுதியில் ‘இராவணேசன்’ ஆடப்பட்டது. மட்டக்களப்பு வடமோடிக் கூத்தின் ஆட்டங்களைக் கொண்டே இராவணனின் உட்போராட்டம் அதில் காட்டப்பட்டது. நேயரின் முணுமுணுப்பு பல்கலைக்கழக மேடை வரை ஏறிய வரலாறு இது.

பேரன் இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னான். பாட்டன் மறுக்கவில்லை. ஆயினும், “இராவணன் வேற, சூரன் வேற. நம்ம பொட்டல்ல சூரன் வந்துதான் ஆகணுமா?” என்றார். பேரன் கூறிய விடை கூத்தைப் பற்றியதாகத் தொடங்கித் தோட்டத்தைப் பற்றியதாக முடிந்தது. “நம்ம பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்க தாத்தா. காமனை யாரு எரிச்சான்னா சிவன்னு சொல்லும். ஏன் எரிச்சான்னா, கோவம் வந்து எரிச்சான்னு சொல்லும். காமன் ஏன் அங்க போனான்னு கேட்டா ஒண்ணுக்கும் தெரியாது. நம்ம கதையும் அப்படித்தானே ஆயிருக்கு?”

இக்கேள்வியின் ஆழத்தை உணர்வதற்கு மலையகத்தின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களிலும், தோட்டங்களில் இன்றும் வாய்மொழியாக வழங்கும் கதைகளிலும் பகைவனாக வருபவன் பெரும்பாலும் கங்காணி. சில இடங்களில் கணக்கப்பிள்ளை. சில இடங்களில் துரை. கங்காணி கொடியவனாக இருந்ததில் ஐயமில்லை. முற்பணம் கொடுத்து ஆள் சேர்த்து, கடனைத் தலையில் ஏற்றி, ‘துண்டு’ என்ற சீட்டினால் தொழிலாளியை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய முறையில் அவனே முன்னால் நின்றான். அத்துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும் தொழிலாளியின் நிலை அத்துடன் உயர்ந்துவிடவில்லை. கங்காணியின் வலிமையும் ஸான்டின் வலிமை போல இரவலாகப் பெற்றதே. அவனுக்கு அதைக் கொடுத்தவர்களைத் தொழிலாளி கண்டதில்லை. தான் கிள்ளிய கொழுந்துக்கு விலை பேசிய இலண்டன் மின்சிங் லேன் வீதியை அவன் கண்டதில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவன் ஆக்கியபோதும், 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோதும், கையொப்பமிட்ட மேசைகளுக்கு அருகில் அவன் இருந்ததில்லை. 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. ஒவ்வொரு முறையும் பெயர்ப்பலகை மாறியது. பெரட்டுக் களத்தில் முன்னால் நின்று அதட்டுபவன் மட்டும் அதே உயரத்தில் நின்றான். வைவதற்கு அகப்பட்டவன் அவன் ஒருவனே.

பாட்டனின் குரல் தாழ்ந்தது இதன் பின்னர்தான். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களையும் தீண்டின. அவ்வாண்டுகளில் ஓர் இரவு, அவர்கள் வாழ்ந்த லயம் எரிந்தது. பந்தத்துடன் வந்தவர்களுள் ஒருவனை அவர் அடையாளம் கண்டார். கடைவீதியில் பலமுறை பார்த்துச் சிரித்த முகம் அது. அன்றிரவு அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் தம் வீட்டு அடுப்படியில் ஒளித்துவைத்து, வாசலில் காவலிருந்தவரும் பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடியானவர் ஒருவரே. பின்னர் உறவினர் பலர் வவுனியாவுக்குச் சென்றனர்; சிலர் கப்பலேறினர். பாட்டன் எங்கும் போகவில்லை. சில ஆண்டுகள் அத்தோட்டத்தில் காமன் ஊன்றப்படவில்லை.

“நெருப்பு வச்சவனை நான் பாத்தேன் தம்பி. ரொம்ப நாளா அவனை மட்டுந்தான் நெனைச்சு வெந்தேன். வீரபத்திரன் வேசம் கட்டுறப்பல்லாம் அவன் மூஞ்சிதான் கண்ணுல வரும். பொறவுதான் யோசிச்சேன். அவன் கையில லொறி ஏது? அவனுக்கு எங்க லயம் எதுன்னு காட்டிக்குடுத்தது யாரு? அவனை அனுப்பினவனை நான் பாக்கவேயில்ல. சாகிறவரைக்கும் பாக்கப்போறதுமில்ல.”

பேரன் வாதத்தை அத்துடன் நிறுத்திக்கொண்டான். விளையாட்டில் கண்ட ஏமாற்றத்தை இதனுடன் ஒப்பிட்டுப் பேசுவதற்கு அவனுக்கு நாணமாக இருந்தது. ஒப்பிட்டுப் பேசியவர் பாட்டனே. “நீ சொல்றது சரிதான். அனுப்பினவனைக் காட்டலன்னா, எரிஞ்சவனையும் எரிச்சவனையும் மட்டுந்தான் பிள்ளைக நெனைச்சுக்கிட்டு இருக்கும்” என்றார்.

இவ்விடத்தில் இரு வகையான மறைவுகளை வேறுபடுத்திக் காணுதல் அவசியமாகின்றது. கதையாசிரியன் கைசோர்ந்தமையால் பகைவன் மறைவது ஒரு வகை. ஸான்டின் வீழ்ச்சியும் டார்த் மோலின் அவசர மரணமும் அவ்வகையைச் சார்ந்தவை. நேயர் அவற்றைக் கண்டு சலிப்பது நியாயமே. பகைவன் உண்மையிலேயே கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருப்பதால் மறைவது மற்றொரு வகை. காமன் கூத்தின் சூரன் இவ்வகையைச் சார்ந்தவன். அவனை வலிந்து மேடையில் ஏற்றி, வாளைச் சுழற்றவைத்து வீழ்த்திக் காட்டினால், பார்ப்போருக்குப் பகை தீர்ந்துவிட்டது என்ற பொய்யான ஆறுதலே கிட்டும். மலையக மக்கள் தம் வாழ்வில் அந்த ஆறுதலை அறிந்தவர்கள் அல்லர். அவர்களின் கூத்தில் எரிபவன் ஏவப்பட்டவன், ஏவியவன் இந்திரன், இந்திரனை ஏவவைத்தவன் எங்கோ ஒரு நகரில் இருக்கின்றான். இந்த அமைப்பு அவர்களின் அனுபவத்துக்கு எவ்வளவு அண்மையில் நிற்கின்றது என்பதை எண்ணிப் பார்த்தால், சூரனுக்கு வேடம் இல்லாதது வெறும் ஆட்பற்றாக்குறையால் நேர்ந்தது என்று கூற மனம் வராது.

ஆயினும் முகம் காட்டாதிருத்தல் வேறு. பெயரும் தெரியாதிருத்தல் வேறு. முகம் காட்டாத பகைவனின் பெயரும் செயலும் சொல்லப்படாவிட்டால், அவனுக்குரிய பழி அருகில் நிற்பவன் தலையில் இறங்கிவிடும். சிவனின் கோபமே முழுக்கதை என்று பிள்ளைகள் எண்ணுவது போல, கங்காணியே முழுக்கதை என்றும், பந்தம் ஏந்தி வந்த அயலானே முழுக்கதை என்றும் ஒரு சமூகம் எண்ணத் தொடங்கும். அயலானைப் பகைப்பது எளிது. அவன் நாள்தோறும் கண்ணில் படுகின்றான். அவனை அனுப்பியவனை அறிவதற்குக் கல்வி வேண்டும், ஆவணம் வேண்டும், பொறுமை வேண்டும். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவருக்கு உள்ள கடமைகளுள் இதுவும் ஒன்று.

அந்த மாசியில் பாட்டனும் பேரனும் ஒரு முடிவுக்கு வந்தனர். சூரனுக்கு வேடம் கட்டுவதில்லை என்ற பாட்டனின் கட்சி நின்றது. அதற்கு ஈடாக, தூதன் கொண்டுவரும் ஓலையை நீட்டுவது என்று உடன்பட்டனர். அதுவரை அத்தோட்டத்து ஆட்டத்தில் ஓலை நான்கு வரியில் முடிந்துவிடும். இந்திரன் அழைக்கிறான், உடனே புறப்படு என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இராது. பேரன் கந்தபுராணத்தைப் படித்துக் குறிப்பெடுத்தான். சூரபத்மன் யார், அவன் பெற்ற வரம் என்ன, யாரைச் சிறையிட்டான், எவரிடம் என்ன வேலை வாங்கினான் என்று ஒவ்வொன்றாக ஓலையில் ஏற்றினர். பாட்டன் அவற்றைத் தப்பின் தாளத்துக்கு இசைய முறித்துக் கொடுத்தார். நீளம் மிகுந்துவிட்டது என்று தூதனாக ஆடுபவன் முணுமுணுத்தான். இரண்டு இடங்களில் குறைத்தார்கள்.

ஓலை வாசிக்கப்பட்ட இரவில் பொட்டல் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. வரிக்கு வரி தூதன் நிறுத்த, தப்பு ஒருமுறை அதிர்ந்து ஓய்ந்தது. ரதி வழக்கம்போல் மன்மதனை மறித்தாள். மன்மதன் வழக்கம்போல் புறப்பட்டான். ஆனால் அவன் எதற்காகப் புறப்படுகின்றான் என்பது அன்று முன்வரிசையில் சாக்கு விரித்து அமர்ந்திருந்த பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. காமன் எரிந்து தணிந்ததும், ஒரு சிறுமி தன் தாயை உலுக்கி, சூரன் இப்போது எங்கே இருக்கின்றான் என்று கேட்டாள். தாய்க்கு விடை தெரியவில்லை. ஐப்பசி மாதம் வரட்டும், காட்டுகிறேன் என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்தை நோக்கி நடந்தாள்.